கடலில் 50, தொட்டியில் 5: டால்பின் ஆயுள் கணக்கு சரிதானா?

பிரியா_மெரிபேங்க் | வெள்ளி, இரவு 7:42

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஜூலை விடுமுறையில் டர்பனில் டால்பின் வைத்திருக்கும் உஷாகா மரைன் வேர்ல்டு காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் குழுவில் பேச்சு எடுத்தோம். உடனே ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டார். "டால்பின் கடலில் 50 ஆண்டு வாழும், தொட்டியில் 5 ஆண்டுதான் வாழும்" என்று அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் போகவே கூடாது என்கிறார்கள். மீதிப் பேர் இதெல்லாம் பொய், தொட்டியில்தான் அதிக நாள் வாழும், சுறா இல்லை, வேளாவேளைக்கு மீன், டாக்டர் வேறு என்கிறார்கள்.

எனக்கு யார் பக்கமும் சேர வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இங்கே கடல் ஆராய்ச்சி படிக்கிறவர்களும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். எந்தக் கணக்கு சரி?

குமரன்_பீனிக்ஸ் | வெள்ளி, இரவு 9:05

பிரியா அக்கா, நான் கணக்கு வாத்தியார். டால்பினைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் கணக்கில் என்ன கோளாறு என்று சொல்ல முடியும்.

50 என்பது கடலில் மிக நீண்ட நாள் வாழ்ந்தவற்றின் வயது. 5 என்பது ஏதோ ஓர் இடத்தில் செத்தவற்றின் சராசரி. உச்சத்தையும் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விலங்குக்கும் இப்படி ஒரு பயங்கர வித்தியாசம் வரும்.

"செத்தவற்றின் சராசரி வயது" என்பதும் நம்பக்கூடிய எண் இல்லை. ஒரு காட்சியகம் தொடங்கிப் பத்து ஆண்டுதான் ஆகிறது, அங்கே பிறந்த குட்டிகள் பத்து என்று வையுங்கள். மூன்று இறந்துவிட்டன, ஏழு உயிரோடு இருக்கின்றன. இறந்த மூன்றும் பத்து வயதுக்குக் கீழேதான் இருக்க முடியும். சராசரி எடுத்தால் 4, 5 என்று வரும். உயிரோடு இருக்கும் ஏழு அந்தக் கணக்கில் நுழையவே இல்லை.

அதனால் இந்தத் துறையில் ஆயுளை நேராக எண்ணுவதில்லை, ஆண்டுப் பிழைப்பு விகிதம் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு தொடக்கத்தில் உயிரோடு இருந்தவற்றில் ஆண்டு முடிவில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது அது. 100 இருந்து 96 பிழைத்தால் 0.96. இதில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டாம் இடத்தில் வரும் சின்ன வித்தியாசம்கூடப் பெரிதாக விளையும். ஆண்டுக்கு 0.97 என்றால் 20 ஆண்டுக்குப் பின் 100இல் 54 மிஞ்சும். 0.96 என்றால் 44. 0.93 என்றால் 23தான். சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்டால் 0.97க்கு ஏறக்குறைய 33, 0.96க்கு 25, 0.95க்கு 20, 0.93க்கு 14. விகிதம் எல்லா வயதிலும் ஒன்றே என்று வைத்துப் போட்ட கணக்கு இது. முதுமையில் அது குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உண்மையான விகிதங்கள் என்ன என்று செல்விதான் சொல்ல வேண்டும்.

செல்வி_கேப்டவுன் | வெள்ளி, இரவு 11:30

குமரன் அண்ணா சொன்ன முறையிலேயே தொடர்கிறேன். கீழே சொல்வதெல்லாம் பாட்டில்மூக்கு டால்பினுக்கு. தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

கடல் பக்கத்துக்கு உலகத்திலேயே நல்ல கணக்கு அமெரிக்காவில் புளோரிடாவின் சாரசோட்டா விரிகுடாவில் இருக்கிறது. 1970இலிருந்து ஒரே டால்பின் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்துப் பார்த்து வருகிறார்கள். முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டு, தழும்பு வைத்தே யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே நிக்லோ என்ற பெண் டால்பின் 67 வயது வரை பார்க்கப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தின் பிழைப்பு விகிதம், முதல் வயதைக் கடந்தவற்றுக்கு, 0.96 சுற்றி. அண்ணா கணக்குப்படி சராசரி இன்னும் ஒரு 25 ஆண்டு. ஆகவே கடலிலும் எல்லா டால்பினும் 50 வயது வரை வாழ்வதில்லை.

தொட்டிப் பக்கம்: அமெரிக்கக் காட்சியகங்களின் பதிவேட்டை வைத்து 1988இல் டிமாஸ்டர், டிரெவனாக் இருவரும் போட்ட கணக்கில் 0.93 வந்தது. 1995இல் ஸ்மால், டிமாஸ்டர் மறுபடி பார்த்தபோது 0.951. அது கடல் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல என்று அவர்களே எழுதினார்கள். அதே ஆய்வில் ஓர்கா திமிங்கிலத்துக்கு மட்டும் தொட்டியில் தெளிவாகக் குறைவு. 2019இல் ஜாக்கோலா, வில்லிஸ் வெளியிட்ட ஆய்வு, இன்றைய அமெரிக்கக் காட்சியகங்களில் பாட்டில்மூக்கு டால்பின்களின் பிழைப்பு கடலில் உள்ளவற்றுக்குச் சமம் அல்லது மேல் என்கிறது.

அந்த இருவரும் விலங்குகளை வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவேடும் கணக்கும் வெளிப்படையாக இருக்கின்றன, ஆராய்ச்சி இதழில் வந்திருக்கிறது. யார் எழுதினார் என்பதை வைத்து மட்டும் தூக்கிப் போட முடியாது.

ஆக அந்த வாட்ஸ்அப் படம் தவறு. "தொட்டியில்தான் அதிக நாள்" என்று எல்லா நாட்டுத் தொட்டிக்கும் சேர்த்துச் சொல்வதும் தவறு. நான் சொன்ன எண்கள் அமெரிக்காவின் பதிவு பெற்ற காட்சியகங்களுக்கு மட்டுமே. சட்டப்படி பதிவேடு வைக்க வேண்டிய நாடு அது. அப்படிப் பதிவேடே இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று இந்த எண்கள் சொல்லாது.

தணிகை_இசிப்பிங்கோ | சனி, காலை 6:50

செல்வி, குமரன் இருவருக்கும் நன்றி பிள்ளைகளே. இப்படிப் பொறுமையாக எழுதுவதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. டர்பன் கடற்கரையில் பழைய மீன்காட்சியகம் இருந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். நிறவெறி ஆட்சியில், நாம் எந்த மணலில் உட்காரலாம், எதில் உட்காரக் கூடாது என்று பலகை வைத்திருந்த காலம் அது. அந்தப் பலகைகள் போன பிறகுதான் என் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் டால்பினைக் காட்டினேன். என் இரண்டாவது மகள் அன்று பார்த்ததை வைத்துத்தான் விலங்கியல் படித்தாள்.

உஷாகா 2004இல் திறந்தது. அதன் பின்னால் இருக்கும் கடல் உயிரியல் ஆராய்ச்சிச் சங்கம் 1951இலிருந்து இருக்கிறது. அடிபட்ட ஆமையைக் காப்பாற்றிக் கடலில் விடுகிறார்கள், நம் கரையோர மீன்வளத்தைப் பற்றி எத்தனையோ ஆய்வு செய்திருக்கிறார்கள். வெறும் பந்து விளையாட்டுக் காட்டும் சர்க்கஸ் கூடாரத்தோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். பிழைப்பு விகிதம் சமம் என்று ஆன பிறகு இன்னும் என்ன குறை?

சித்ரா_ஜோபர்க் | சனி, காலை 9:15

தணிகை ஐயா, நீங்கள் மரியாதைக்குரியவர். ஆனாலும் இந்த இடத்தில் நான் மாறுபடுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். சென்னையிலிருந்து வந்தவள். 90களின் கடைசியில் சென்னைக்கு வெளியே, மாமல்லபுரம் போகும் சாலையில், வெளிநாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்து ஒரு காட்சி தொடங்கினார்கள். ஊர் முழுக்க விளம்பரம். சில மாதங்களுக்குள் அத்தனையும் இறந்துபோயின. அப்போது நான் கல்லூரி மாணவி. இறந்ததைக் கேட்டு எங்கள் பேராசிரியர் வகுப்பில் வெகுநேரம் பேசினார். தண்ணீர் வெப்பம், நீர் சுத்திகரிப்பு, அனுபவமுள்ள மருத்துவர் இல்லாதது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகள்தான் என்னை இந்தப் பக்கம் திருப்பின. 2013இல் இந்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தபோது சென்னையில் பலருக்கு அந்தப் பழைய சாவுகள்தான் நினைவுக்கு வந்தன.

ஐயா, சமம் என்று சொல்லும் எண் எதை எண்ணாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். செல்வி, நீ சொன்ன ஆய்வுகளில் பிடிபட்ட முதல் சில வாரங்களும் பிறந்த முதல் ஆண்டும் சேர்ந்திருக்கிறதா?

செல்வி_கேப்டவுன் | சனி, காலை 10:02

சேரவில்லை அக்கா. பழைய ஆய்வுகளில் முதல் 60 நாளைத் தனியாக ஒதுக்கிவிடுவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. பழகும் காலத்துச் சாவையும் பழகிய பிறகு வரும் சாவையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே புரியாது. ஆனால் ஒதுக்கியதைத் தனியாகப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். அதே ஸ்மால், டிமாஸ்டர் 1995இல் இன்னொரு கட்டுரையில் அதை எழுதினார்கள். கடலில் பிடித்தவுடன் முதல் ஐந்து நாளில் சாவு அபாயம் வழக்கத்தைவிட ஆறு மடங்கு. அது குறைந்து சாதாரண நிலைக்கு வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிறது. ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றினாலும் முதல் சில நாளில் அதே மாதிரி ஏறுகிறது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதல் ஆண்டுக் குட்டிகளையும் தனியாகத்தான் வைக்கிறார்கள். கடலிலும் அப்படியே, அதனால் ஒப்பிடுவது நியாயம்தான். சாரசோட்டாவில் முதல் ஆண்டில் ஐந்தில் ஒரு குட்டி இறக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் பால்குடி மறப்பதற்குள் பாதிக்குக் கிட்டே போய்விடுகிறது. கடல் குட்டிகளுக்கு இதமான இடம் இல்லை.

குமரன்_பீனிக்ஸ் | சனி, காலை 10:40

அந்த 60 நாள் விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க நம் வரலாற்றிலிருந்தே சொல்லலாம். 1860இல் நம் முன்னோரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்ததிலிருந்து எத்தனை கப்பல்கள். கரும்புத் தோட்டத்துப் பேரேட்டை மட்டும் வைத்து "வந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்" என்று எண்ணினால், நடுக்கடலில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். பேரேடு பொய் சொல்லவில்லை. அது தொடங்கும் நாள்தான் பிந்தியது.

கரைவலை_வீட்டுப்பிள்ளை | சனி, மதியம் 1:20

இதுவரை எல்லோரும் தொட்டியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். கடலைப் பற்றி நான் பேசுகிறேன். "கடலில் சுதந்திரமாக" என்று சொல்கிறபோது எந்தக் கடல்?

எங்கள் தாத்தா, அவர் அப்பா எல்லோரும் டர்பனில் கரைவலை இழுத்தவர்கள். ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோடு சேர்ந்து சார்டின் கூட்டம் வரும். அதற்கு முன்னாலேயே பறவை தெரியும், டால்பின் தெரியும். தாத்தா கரையில் நின்றே டால்பின் எந்தப் பக்கம் வளைக்கிறது என்று பார்த்துத்தான் படகை இறக்கச் சொல்வார். எங்கள் வீட்டில் டால்பினை யாரும் அடித்ததில்லை. வலைக்குள் வந்துவிட்டால் கயிற்றைத் தாழ்த்தி வெளியே விடுவார்கள்.

ஆனால் இந்தக் கரையில் டால்பினைக் கொல்லும் வலை ஒன்று இருக்கிறது. சுறா வலை. 1952இல் டர்பனில் முதலில் போட்டார்கள், பிறகு குவாசுலு-நட்டால் கரை நெடுக. ஒவ்வொன்றும் 214 மீட்டர் நீளம், ஆறு மீட்டருக்கு மேல் ஆழம், அகலக் கண்ணி. அது சுறாவை ஊருக்குள் வராமல் தடுக்கும் சுவர் இல்லை. மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், சுற்றியும் போகலாம். சிக்கியதைக் கொல்லும் செவுள்வலைதான் அது. சுறாவைத் தவிர ஆமை, திருக்கை, டால்பின் எல்லாம் சிக்கும். டால்பின் மூச்சுக்கு மேலே வர வேண்டும். வலையில் மாட்டினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசம் கூன்முதுகு டால்பினுக்கு. கரைக்கு மிக அருகிலேயே வாழும் இனம். தென்னாப்பிரிக்கா முழுவதுமாகச் சேர்த்தாலும் 500க்குக் கீழேதான் என்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் பே பக்கம் அதற்கு வலையில் சாவு அதிகம். ஒரு தாய் போனால் அந்தக் கூட்டத்துக்கு அது ஈடு செய்ய முடியாத இழப்பு.

தொட்டியில் இருக்கும் சில டால்பின்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், நாம் நீந்துவதற்காகச் செத்துக்கொண்டிருக்கும் டால்பின்களைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசுவதில்லை?

செல்வி_கேப்டவுன் | சனி, மதியம் 2:45

அண்ணா, நீங்கள் சொன்னதோடு சேர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நட்டால் கரை டால்பின்களின் வயது, உணவு, இனப்பெருக்கம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி அந்த வலையில் இறந்த உடல்களிலிருந்து வந்ததுதான். வயது பார்ப்பது பல்லில். பல்லை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றினால், மரத்தில் வளையம் போல ஆண்டுக்கு ஓர் அடுக்கு தெரியும். ஆராய்ச்சியாளர் விக் காக்ராஃப்ட் 80களில் அந்த உடல்களை வைத்துத்தான் முக்கியமான ஆய்வுகள் செய்தார். வலையில் இறந்தவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றின் உடம்பில் சுறா கடித்து ஆறிய தழும்பு இருந்தது. தழும்போடு பிழைத்தவை மட்டுமே அந்தக் கணக்கில் வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அவருடைய இன்னோர் ஆய்வு இதைவிட மனதை உலுக்குகிறது. ஆற்றின் வழியாகக் கடலுக்கு வரும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்ற நஞ்சுகள் டால்பினின் கொழுப்பில் சேர்கின்றன. ஆண் சாகும் வரை சேர்த்துக்கொண்டே போகிறது. பெண்ணோ முதல் குட்டி பிறந்ததும் பால் வழியாகத் தன் உடம்பில் சேர்ந்ததில் பெரும் பகுதியை அந்தக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று அவர் கணக்கிட்டார். முதல் குட்டிகள் அதிகம் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அதனால் கடல் எண்ணை "இயற்கையின் எண்" என்று சொல்லாதீர்கள். 0.96 என்பது படகு, தூண்டில், வலை, நஞ்சு எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் எண். தொட்டி அதற்குச் சமமாக இருக்கிறது என்றால், நம் கை பட்ட கடலுக்குச் சமமாக இருக்கிறது என்றுதான் பொருள்.

தணிகை_இசிப்பிங்கோ | சனி, மாலை 4:10

நீ சொன்ன கடைசி வரியை இரண்டு முறை படித்தேன் அம்மா. கரைவலைத் தம்பி சொன்னதும் நியாயம். ஆனால் வலையை எடுத்தால் சுறா கடிக்கு என்ன பதில்? 1957 டிசம்பரில் தொடங்கித் தெற்குக் கரையில் சில மாதங்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

கரைவலை_வீட்டுப்பிள்ளை | சனி, மாலை 4:55

தெரியும் தாத்தா, எங்கள் வீட்டிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழுதாக எடு என்று நான் சொல்லவில்லை. 2007இலிருந்து சில கடற்கரைகளில் வலையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டிரம்லைன் என்ற மிதவைத் தூண்டில் போடுகிறார்கள். பெரிய கொக்கி, பெரிய இரை. டால்பின் அதைத் தொடுவது மிக அரிது. சார்டின் வரும் பருவத்தில் வலைகளை எடுத்தும் வைக்கிறார்கள். இது இன்னும் விரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சித்ரா_ஜோபர்க் | சனி, இரவு 8:30

கடல் மோசம் என்பது தொட்டிக்குச் சான்றிதழ் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

தொட்டியில் டால்பின் எதனால் இறக்கிறது என்று கேட்டால் முதலில் வருவது நுரையீரல். நிமோனியா. டால்பின் ஒரே மூச்சில் நுரையீரல் காற்றில் பெரும் பகுதியை மாற்றிவிடும். தண்ணீர்ப் பரப்புக்குச் சற்று மேலே தேங்கி நிற்கும் காற்றைத்தான் அது இழுக்கிறது. மூடிய இடத்தில் குளோரின் வாடையும் பூஞ்சையும் தேங்கினால் நேராக உள்ளே போய்விடும். அடுத்தது, பார்வையாளர் கையிலிருந்து விழுந்த பொருளை விழுங்குவது. அப்புறம், தொட்டி டால்பின்களின் ஈரலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஒரு நோய் உண்டு. ஒரே வகை உறைந்த மீன், ஓட்டம் குறைவு, எப்போதும் வயிறு நிறைய என்ற வாழ்க்கையோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் இன்று பரிசோதனையும் மருந்தும் வந்துவிட்டன. தானாகவே வாலைத் திருப்பி இரத்தம் எடுக்கக் கொடுக்கும்படி பழக்கியிருக்கிறார்கள். 0.93 மேலே ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த மருத்துவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளியை நல்ல மருத்துவத்தால் 40 ஆண்டு வைத்திருக்க முடியும் என்பதும் அந்த 40 ஆண்டும் அதற்கு நன்றாக இருந்தது என்பதும் வேறு வேறு. ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி நீந்துவது, பக்கத்தில் இருப்பதைக் கடிப்பது, விலகிப் போக இடம் இல்லாதது, இதெல்லாம் பிழைப்பு விகிதத்தில் எழுதப்படுவதில்லை. கடலில் சண்டை வந்தால் ஒன்று கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

பிரியா_மெரிபேங்க் | ஞாயிறு, காலை 8:00

படித்துப் படித்து இரவு தூக்கமே போய்விட்டது. ஒரு கேள்வி. பிள்ளைகள் நிச்சயம் இதைத்தான் கேட்பார்கள்: "அப்படியென்றால் எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட வேண்டியதுதானே?"

செல்வி_கேப்டவுன் | ஞாயிறு, காலை 11:20

அக்கா, அதற்கு நல்ல பதில் தென்கொரியாவில் இருக்கிறது. அங்கே ஜேஜு தீவுக் கடலில் வாழ்வது இந்திய-பசிபிக் பாட்டில்மூக்கு டால்பின். நம் டர்பன் கரையில் அலைக்குப் பின்னால் துள்ளும் அதே இனம். சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்துக் காட்சிக்கு வைத்திருந்த சிலவற்றை நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013இல் கடலுக்குத் திருப்பினார்கள். முதலில் கடலில் அடைப்பு கட்டி, உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்கப் பழக்கினார்கள். ஜேதோல், சுன்சம் என்ற இரண்டையும் விட்டார்கள். சம்பல் என்பது அடைப்பு வலைக் கிழிசல் வழியாகத் தானாகவே முன்கூட்டிப் போய்விட்டது. மூன்றும் பழைய கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. 2016இல் சம்பல் குட்டியோடு நீந்துவதைப் பார்த்தார்கள். தொட்டியிலிருந்து திரும்பிய டால்பின் கடலில் குட்டி போட்டது என்று உறுதியாகப் பதிவானது அங்கேதான்.

அந்த மூன்றும் தொட்டியில் சில ஆண்டுகளே இருந்தவை. 2017இல் அதே கடலில் கும்தங், தேபோ என்று இன்னும் இரண்டை விட்டார்கள். அவை ஏறக்குறைய இருபது ஆண்டு தொட்டியில் இருந்தவை. விட்ட பிறகு யாரும் அவற்றை மறுபடி பார்க்கவில்லை.

அதே நாடு, அதே கடல், அதே இனம். தொட்டியில் கழிந்த காலம்தான் கண்ணுக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம். தொட்டியிலேயே பிறந்த டால்பினுக்கு எந்தக் கூட்டமும் சொந்தம் இல்லை, தாயிடம் கற்ற மீன்பிடி முறையும் இல்லை. அதைத் திறந்து விடுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிரியா_மெரிபேங்க் | ஞாயிறு, மதியம் 12:10

நன்றி செல்வி. வகுப்பில் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை பிள்ளைகளே கேள்விகள் எழுதி காட்சியகத்துக்கு அனுப்பட்டும். ஒவ்வொரு டால்பினும் எங்கே பிறந்தது, எந்த ஆண்டு வந்தது, இதுவரை இறந்தவை எந்த வயதில், எதனால், குட்டிகள் எத்தனை பிழைத்தன. பதில் வந்த பிறகு போவதா வேண்டாமா என்று பெற்றோர் கூடிப் பேசுவோம்.

தணிகை_இசிப்பிங்கோ | ஞாயிறு, பிற்பகல் 3:35

நல்ல வேலை அம்மா. நேர்மையாக நடத்துகிறவர்கள் பதில் சொல்லத் தயங்க மாட்டார்கள்.

ஆனால் சித்ராவுக்கு ஒரு கேள்வி. இனி குட்டி போட வைக்கக் கூடாது, இருப்பவற்றோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே உன் கட்சி? அப்படி முடித்தால் கடைசியில் என்ன ஆகும் என்று போர்ட் எலிசபெத் காட்சியகத்தைப் பார். அங்கே 1960களின் தொடக்கத்திலிருந்து டால்பின் வைத்திருந்தார்கள். கடைசியில் டோமினோ, டுமிசா என்று இரண்டுதான் மிஞ்சின. 2009இல் அவற்றை விமானத்தில் ஹாங்காங்குக்கு அனுப்பினார்கள். பிறந்த ஊரில் கூட்டம் இல்லை என்றுதானே அத்தனை தூரம் போக வேண்டி வந்தது? இடம் மாற்றினால் அபாயம் ஏறும் என்று செல்வியே சொன்னாளே. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வோர் இடத்திலும் ஒன்று தனியாக மிஞ்சும். கூட்டமாக வாழும் உயிருக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

சித்ரா_ஜோபர்க் | ஞாயிறு, மாலை 6:40

ஐயா, என் கட்சி அதுதான். நீங்கள் கேட்டதுதான் அதன் மிகக் கடினமான பகுதி. நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

குட்டி போடுவதை நிறுத்தும் முடிவோடேயே கடைசி வரை யார் யாரோடு இருக்கும் என்ற திட்டமும் வர வேண்டும். எண்ணிக்கை இரண்டுக்கு இறங்கிய பிறகு அவசரமாக அனுப்புவதைவிட, ஆறு ஏழு இருக்கும்போதே ஒன்றாகச் சேர்க்கும் இடத்தைத் தேட வேண்டும். வயது, பழக்கம் பார்த்துச் சேர்க்கலாம். நீண்ட தூரப் பயணம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். போகும் வழியிலும் போன பிறகும் பழகிய பயிற்சியாளர் கூடவே இருக்கட்டும். கனடா 2019இல் சட்டம் போட்டபோது ஏற்கெனவே இருந்தவற்றை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ள விட்டுத்தான் புதிதாக வைப்பதையும் குட்டி போட வைப்பதையும் தடுத்தது.

தனியாக மிஞ்சிவிடுமே என்பதற்காக இன்னொரு குட்டி பிறந்தால், அந்தக் குட்டிக்குத் துணையாக மறுபடி ஒன்று வேண்டும். அது எங்கே நிற்கும் ஐயா?

கரைவலை_வீட்டுப்பிள்ளை | ஞாயிறு, இரவு 7:25

தொட்டி டால்பின்களைக் கடலில் அடைப்பு கட்டி வைக்கலாம் என்று பேசுகிறவர்கள் நம் கரையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டர்பனிலிருந்து வடக்கே, தெற்கே எங்கும் நேர்க்கரை. குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை எந்த அடைப்பையும் ஒரே இரவில் பிய்த்துவிடும். ஒதுக்கமான தண்ணீர் என்றால் துறைமுகத்துக்குள்தான். அங்கே கப்பல் எண்ணெயும், மழை பெய்தால் நகரத்துச் சாக்கடையும். மேற்கே சல்டானா விரிகுடா அமைதியானது, ஆனால் தண்ணீர் குளிர். இந்திய-பசிபிக் இனம் வெதுவெதுப்பான கடல் உயிர். இடம் எங்கே என்று சொல்லுங்கள், வலை கட்ட நானும் என் அண்ணன் தம்பிகளும் வருகிறோம்.

செல்வி_கேப்டவுன் | ஞாயிறு, இரவு 9:50

அண்ணா சொல்வது சரி. எனக்குத் தெரிந்து குவாசுலு-நட்டால் கரையில் கடல் அடைப்புக்குப் பொருத்தமான இடம் இல்லை. அதனால் இங்கே நடக்கக்கூடியது நிலத்திலேயே இன்னும் பெரிய, ஆழமான, ஒன்றை ஒன்று விலகிப் போக வழியுள்ள குளங்கள். கடல்நீர் நேராக வந்து போகும்படி. ஒரு நாளைக்கு இத்தனை காட்சி என்ற கட்டாயம் இல்லாமல். அதற்குப் பணம் வேண்டும். டிக்கெட் விற்றுத்தான் அந்தப் பணம் வருகிறது என்பதால் தணிகை ஐயா பக்கமும் சித்ரா அக்கா பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பிரியா அக்கா, பிள்ளைகளின் கடிதத்தில் முடிந்தால் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். குட்டி பிறப்பதை நிறுத்தும் எண்ணம் உண்டா, நிறுத்தினால் கடைசி இரண்டு டால்பின்களுக்கு என்ன திட்டம்? பதில் வந்ததும் இங்கேயே போடுங்கள்.